அப்பாவின் 360 மில்லி: ஓர் ஐசியூவுக்கு ஏர்கான்காரனின் மதிப்பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரியின் பெயர் இதில் வராது. பாராட்ட நிறைய இருக்கிறது. குறை சொல்லவும் இரண்டு மூன்று இருக்கிறது. பெயரைப் போட்டுக் குறை சொன்னால், இரவு வேலை பார்க்கும் மிஸிமார் (தாதியர்) தலையில்தான் அது விடியும். சிங்கப்பூரின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஒன்று, அது போதும்.

வாடிக்கையாளர் என் அப்பா, 71 வயது, செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நோய், இன்ஃப்ளுவென்சா ஏ கிருமியால் வந்த நிமோனியா. ஐசியூவில் 19 நாள், அதில் 13 நாள் வென்டிலேட்டர். மதிப்பெண் ஐந்துக்கு நாலு.

நான் ஏர்கான் (ஏசி) மெக்கானிக். 22 வருடமாக வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளிலும் கடைவீடுகளிலும் ஏணி ஏறுகிறவன். காற்று, அழுத்தம், கசிவு, இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் அந்த அறையில் மற்றவர்கள் கவனிக்காத சிலது என் கண்ணில் பட்டது. பாதி தெரிந்தவனுக்கே உரிய திமிரோடு தப்பாகவும் சிலதைப் புரிந்துகொண்டேன். இரண்டையும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை கிளினிக்கில் மருந்து. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிஜன் மீட்டர் வீட்டில் இருந்தது, அது 94 காட்டிக்கொண்டே இருந்தது. "94 இருக்கே, பயப்படாதே" என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான். அப்பா நல்ல கறுப்பு. கறுப்புத் தோலில் அந்த மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பது 2020-லேயே அமெரிக்காவில் ஆராய்ந்து எழுதிவிட்ட விஷயமாம். ஆக்சிஜன் குறைந்திருப்பதை மீட்டர் தவறவிடுவது, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டார்களாம். எனக்கு இது அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை ராத்திரி அப்பா ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை நிறுத்தினார். 995-இல் ஆம்புலன்ஸை அழைத்தோம். போய்ச் சேர்ந்தபோது 83.

முதலில் குழாய் போடவில்லை. மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் சூடான ஈரக்காற்றும் ஆக்சிஜனும் தள்ளும் கருவி. அப்பா நிமிடத்துக்கு 38 தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைக்க. ஞாயிறு மதியம் "மயக்கம் கொடுத்துக் குழாய் போடப் போகிறோம்" என்றார்கள். தானாகத்தானே மூச்சு விடுகிறார், எதற்கு அவசரப்படுகிறார்கள் என்று எனக்குக் கோபம். அங்கிருந்த இளம் டாக்டரம்மா, சீனப் பெண், நிதானமாகச் சொன்னார்: கிருமியால் வீங்கிப்போன நுரையீரலை இவ்வளவு பலமாக உள்ளிருந்து இழுத்தால், இழுப்பே அதைப் புண்ணாக்கும். மெஷின் வந்துதான் கெடுக்க வேண்டும் என்றில்லை, மூச்சுத் திணறும் மனிதனே தன்னைக் கெடுத்துக்கொள்வான். அதே வாயால் இன்னொன்றும் சொன்னார். "மெஷினும் கெடுக்கும். அதைக் கெடுக்காமல் ஓட்டுவதுதான் எங்கள் வேலை."

விற்கிறவர் தன் சரக்கின் குறையைத் தானே முதலில் சொல்வதை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் நட்சத்திரத்தை அங்கேயே கொடுத்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை மறக்கவே மாட்டேன். மயக்கத்தில் கிடந்த அப்பாவின் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரு மிஸி டேப் பிடித்து அளந்தார். 163 சென்டிமீட்டர். ஏதோ அசம்பாவிதத்துக்கு அளவெடுக்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்துவிட்டார். விஷயம் அதில்லை. மெஷின் ஒரு தடவைக்கு எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்பதை உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அப்பாவின் எடை 84 கிலோ. ஆனால் தொப்பை வைத்தால் நுரையீரலும் சேர்ந்து பெருப்பதில்லை, அது உயரத்தோடு நின்றுவிடுகிறது. ஆணுக்கு 152.4 சென்டிமீட்டருக்கு 50 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்டு. அந்தக் கணக்கில் அப்பா 60 கிலோ ஆள். கிலோவுக்கு 6 மில்லி, ஆக ஒரு மூச்சு 360 மில்லி. ஒரு டின் பானத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அம்மா 150 சென்டிமீட்டர். பெண்களுக்கு 50-க்குப் பதில் 45.5-இல் தொடங்குவார்களாம், போட்டுப் பார்த்தேன். அவருக்கு 260 வரும், பாக்கெட் பானம் ஒன்று.

எங்கள் தொழிலிலும் இதே சண்டைதான். படுக்கையறைக்கு 9,000 பிடியு குளிரூட்டும் திறன் போதும் என்றால் வாடிக்கையாளர் கேட்க மாட்டார், "பெருசாப் போடுங்க" என்பார். பெரிதாகப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா என்றதும் நானும் வாடிக்கையாளர் ஆகிவிட்டேன். "84 கிலோ ஆளுக்கு இவ்வளவு சின்ன மூச்சா?" என்று கேட்டேன்.

மறுநாள் வந்த பெரிய டாக்டர் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னார். 2000-ஆம் வருடம் அமெரிக்காவில், வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகள். பாதிப் பேருக்கு அந்நாள் வழக்கப்படி கிலோவுக்கு 12 மில்லி, மீதிப் பேருக்கு 6. பெரிய மூச்சு வாங்கியவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள், சின்ன மூச்சுக்காரர்களில் 31. இதில் என்னை உட்கார வைத்தது அதற்கடுத்த தகவல்: முதல் சில நாள் பெரிய மூச்சுக்காரர்களின் ஆக்சிஜன்தான் நன்றாக இருந்தது. திரையில் அழகான எண், அதற்கடியில் கிழிந்துகொண்டிருக்கும் நுரையீரல்.

அப்பாவின் திரையில் எண் அழகாக இல்லை. 90, 91, சில நேரம் 89. பெர்த்திலிருந்து பறந்து வந்த அக்கா, "ஏன் 100 ஆக்க மாட்டேங்கிறாங்க? காசு போதலையா, கேளு" என்று தினமும் என்னைக் குடைந்தார். 100 ஆக்க முடியும். அதற்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், ஆக்சிஜனையும் கூட்ட வேண்டும், கூடின ஆக்சிஜனும் நுரையீரலுக்கு நல்லதில்லை. கரியமில வாயு கொஞ்சம் தேங்கியது, அதையும் ஓரளவுக்குத் தேங்கட்டும் என்று விட்டார்கள். ஐசியூவைத் திரையில் வரும் எண்ணை வைத்து எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் மூன்றாம் நாள் வரை அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூச்சு உள்ளே போனதும் அரை நொடி நிறுத்தி ஓர் எண்ணைப் படிப்பார்கள். ஓட்டம் நின்ற பிறகு படிப்பதுதான் உள்ளே இருக்கும் உண்மையான அழுத்தம், இது கேஜ் பிடித்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது 30-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 30 என்ன? 30 சென்டிமீட்டர் தண்ணீர். வீட்டுக்கு வந்து பி.எஸ்.ஐ கணக்குக்கு மாற்றினேன். அரை பி.எஸ்.ஐ கூட வரவில்லை, 0.43. நான் தினமும் மாட்டும் கேஜில் ஊசி 120, 130-இல் நிற்கும். அரைக்கும் கீழே உள்ள ஒன்றுக்கு இவ்வளவு கவலையா என்று தோன்றியது.

பிறகு எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக மூடியிருந்தது. கறுப்பாகத் தெரிகிற, காற்றுப் போகிற இடம் கொஞ்சம்தான். "இப்போது வேலை செய்வது ஒரு சின்னப் பிள்ளையின் நுரையீரல் அளவுதான்" என்றார் பெரிய டாக்டர். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாலு அறைக்குக் காற்றுக் கொண்டுபோகும் ஒரே டக்ட். மூன்று அறையின் கதவை அடைத்துவிட்டால் நாலாவது அறையில் காற்று ஊளையிடும், கிரில் கழன்று விழும். புளோவர் என்னவோ அதே புளோவர்தான். வைரஸ் அடைத்தது மூன்று அறை. மெஷின் தள்ளுவதெல்லாம் மிச்சமிருக்கும் ஒரே நல்ல அறைக்கு.

கிழிப்பது அழுத்தமா அளவா என்று எனக்கு ஒரு சந்தேகம், தொழில் புத்தி. தேடிப் படித்தேன். 1988-இல் பிரான்சில் எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டிவிட்டு அதிக அழுத்தம் கொடுத்தார்கள், நுரையீரல் தப்பித்தது, ஏனென்றால் விரிய இடமில்லை. பட்டையில்லாமல் பெரிதாக விரியவிட்ட எலிகளுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக, குற்றவாளி விரிவுதான். போதாததற்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றுப் பைகள் மூடி ஒட்டிக்கொண்டு மறுபடி பிய்ந்து திறந்தால் அதுவும் தேய்மானம். அதனால் மூச்சு வெளியேறிய பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கிறார்கள். 'பீப்' என்று மிஸிமார் சொல்வது இதைத்தான், நான் முதலில் ஏதோ அலாரம் என்று நினைத்தேன். இப்படிப் புண்படும் நுரையீரல் தன்பாட்டில் வீக்கச் சரக்கை ரத்தத்தில் கலந்துவிட, சிறுநீரகம் முதல் மற்ற உறுப்புகளும் அடிபடுமாம்.

இரண்டாம் நாள் அப்பா மெஷினோடு மல்லுக்கு நின்றார். மெஷின் ஒரு மூச்சு கொடுத்து முடிக்குமுன் இவர் இன்னொன்றை இழுப்பார். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் 360 என்பது 720. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆறு பேர். தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, மற்றவர்கள் போர்வையோடு சுருட்டித் திருப்பினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஏர்கானின் வெளிப்பெட்டியான கண்டென்சரைக் கயிறு கட்டிப் பத்தாவது மாடியில் இறக்குகிற வேலை மாதிரியே, ஒருத்தன் சொல்லுக்குத்தான் எல்லோரும் அசைய வேண்டும். ஒரு தடவைக்கு 16 மணி நேரம், நாலு நாள். முதுகுப் பக்கம் நசுங்கிக் கிடந்த நுரையீரல் திறந்துகொள்கிறது, காற்றும் பரவலாகப் போகிறது, ஒரே அறை அடி வாங்குவதில்லை. 2013-இல் பிரான்சில் 466 பேரிடம் செய்த ஆராய்ச்சியில் 28 நாளில் இறந்தவர்கள் 32.8 விழுக்காட்டிலிருந்து 16-ஆகக் குறைந்தார்கள் என்று படித்தபோது, இவ்வளவு பெரிய மருந்துக்கு மாத்திரையே கிடையாதா என்று வியப்பாக இருந்தது. பக்க விளைவு: அப்பாவின் முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை, தாடையில் ஒரு புண். தழும்பு இன்னும் இருக்கிறது.

இனி அந்த ஒரு நட்சத்திரம் போன கதை.

ஏழாம் நாள் விடியற்காலை 4:40. போன் வந்தது அம்மாவுக்கு, ஆஸ்பத்திரிப் படிவத்தில் முதல் பெயர் அவருடையது. யாரோ ஒரு டாக்டர், வேகமான ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழும் சந்தை மலாயும்தான் தெரியும். "லங்" என்ற சொல் மட்டும் புரிந்திருக்கிறது, அதற்கப்புறம் ஏதோ உடைந்தது என்பது போல. என் அறைக் கதவைத் தட்டி, "தம்பி, அப்பாவுக்கு நுரையீரல் வெடிச்சுப் போச்சாம்டா" என்றார். டாக்சியில் போகும் வழியெல்லாம் யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

போனால் அப்பா உயிரோடு இருக்கிறார். வலது பக்கம் நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி, நுரையீரலையே அமுக்கியிருக்கிறது. விலாவில் குழாய் போட்டுக் காற்றை எடுத்துவிட்டார்கள். கழுத்துப் பக்கத் தோலைத் தொட்டால் விரலுக்கடியில் அப்பளம் நொறுங்குவது போல நெறுநெறுவென்றது, தோலுக்கடியிலும் காற்று.

இதை விளக்க நேரம் கிடைத்தது காலை 11 மணிக்கு, அதுவும் நடைபாதையில், பக்கத்தில் யாரோ தள்ளுவண்டியை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருக்க. உட்கார ஒரு நாற்காலி, தமிழ் தெரிந்த ஒரு ஆள், இரண்டும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தன. மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் தமிழ் மிஸி ஒருவர் அதே தளத்தில் இருந்தார். அன்று மாலை தன் டீ நேரத்தில் அவராகவே வந்து, "அம்மா, வெடிக்கல. ஓட்டை விழுந்திருக்கு, அடைச்சுக்கும். அங்கிளுக்குக் குழாய் போட்டாச்சு, பயப்படாதீங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா அன்றுதான் சாப்பிட்டார். நான் பாதி ஸ்டாருக்கு மேல் கழித்தது ஓட்டைக்காக இல்லை, இதற்காக.

ஓட்டைக்கு யார் பொறுப்பு? நேராகவே கேட்டேன், மெஷின் போட்டதால்தானே என்று. பெரிய டாக்டர் மழுப்பவில்லை. வைரஸ் ஏற்கெனவே திசுவை அரித்து வைத்திருந்தது, அதன்மேல் மெஷினின் அழுத்தம், இரண்டும் சேர்ந்துதான். எண்களையும் எடுத்துக் காட்டினார், ஒரு நேரமும் 30-ஐத் தாண்டவில்லை. வரம்புக்குள் ஓட்டினாலும் சிலருக்கு இது நடக்கும், கோவிட் நோயாளிகளிடம் அடிக்கடி பார்த்தோம் என்றார். நான் ஏற்றுக்கொண்டேன். அக்கா இன்னும் ஏற்கவில்லை. நைட்ரஜன் அடித்துச் சோதித்த பழைய குழாய், எல்லாம் விதிப்படி செய்தும், மறுநாள் வளைவில் பிளந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே அரித்திருப்பதை யாரும் வெளியிலிருந்து பார்க்க முடியாது.

அந்தக் குழாயின் மறுமுனை கட்டிலடியில் ஒரு தண்ணீர் டப்பாவில் முடிந்தது. மெஷின் மூச்சு கொடுக்கும்போதெல்லாம் அதில் குமிழி. தண்ணீரில் குமிழி வந்தால் கசிவு இருக்கிறது, இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சோப்புத் தண்ணீர் தடவி இதைத்தான் நான் நாள் முழுக்கத் தேடுகிறேன். அதன் பிறகு எனக்குத் திரை தேவைப்படவில்லை. குனிந்து அந்த டப்பாவைப் பார்ப்பேன், எண்ணுவேன். ஏழாம் நாள் ஒவ்வொரு மூச்சுக்கும். எட்டாம் நாள் இரண்டு மூச்சுக்கு ஒன்று. பத்தாம் நாள் மாலை இருபது நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. "கசிவு நின்னுடுச்சு" என்று பிலிப்பினோ மிஸியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மிஸிமாருக்கு ஐந்துக்கு ஆறு போடலாம். கட்டிலின் தலைப்பக்கம் எப்போதும் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தியே இருக்கும், வாய் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி இன்னொரு நிமோனியா வரக் கூடாது என்று. மயக்கத்தில் கிடப்பவருக்கு ஷிஃப்ட் தவறாமல் பல் துலக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, ஒலி 96.8 தமிழ் வானொலியைத் தலைமாட்டில் மெதுவாக ஓடவிட்டார்கள். மயக்கம் குறைத்தபோது அப்பாவுக்குப் புத்தி பேதலித்தது. பட்டறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, குழாயைப் பிடுங்கப் பார்த்தார். கையில் குத்துச்சண்டைக்காரன் மாதிரி உறை மாட்டினார்கள். முதல் தடவை மெஷினிலிருந்து விடுவிக்கப் பார்த்தது அரை மணியில் தோற்றது, 13-ஆம் நாள் பலித்தது. குழாய் எடுத்ததும் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி, "ஃபோர்மேன் எங்கே?"

மற்றவை சுருக்கமாக. காத்திருப்பு அறையின் ஏர்கானில் வடிகால் குழாய் அடைத்துச் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிட வேலை, நானே செய்கிறேன் என்றேன், அனுமதி இல்லையாம். கட்டணம் மலைக்க வைக்கும், ஆனால் மானியமும், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும், மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் போகக் கையிலிருந்து போனது சமாளிக்கக்கூடிய தொகை. மருத்துவச் சமூக ஊழியர் இரண்டாம் நாளே வந்து இதை உட்கார வைத்து விளக்கினார். அதாவது, பணத்தை விளக்க நாற்காலி இருந்தது.

சளிக்காய்ச்சல் தடுப்பூசி 65 வயதுக்கு மேல் வருடா வருடம் போடச் சொல்கிறார்கள். அப்பா, "ஊசி போட்டாத்தான் காய்ச்சல் வருது" என்று மூன்று வருடமாகத் தட்டிக் கழித்தார், நானும் வற்புறுத்தவில்லை. அந்தக் கணக்கை ஆஸ்பத்திரி மேல் எழுத முடியாது.

இப்போது வீட்டில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து ஊதுகருவி ஒன்று. பெயர்தான் ஊதுகருவி, உண்மையில் உறிஞ்ச வேண்டும், அப்பா இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தார். ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார், தொடைச் சதை பாதி காணோம். ஆறு வாரம் கழித்து நுரையீரல் பரிசோதனைக்குப் போனோம், காத்திருந்தது இரண்டரை மணி நேரம். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, "ஊதுங்க அங்கிள், இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் உற்சாகப்படுத்தினார். அப்பா வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "எவ்வளவு ஊதணும்னு அளவு சொல்லச் சொல்லுடா, சும்மா இன்னும் இன்னும்னா?" என்றார்.